கை வைக்கும் முன் கேட்கும் கேள்விகள்
ஆஸ்டியோபதி சிகிச்சைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடம்பு என்னும் அந்தச் சுவரைத் தாங்கி நிற்கும் நடுத்தூண் நமது முதுகெலும்பு. அது வலிக்காமல் இருக்கும் வரை அப்படி ஒன்று இருப்பதையே நாம் நினைப்பதில்லை. ஒருநாள் காலையில் குனிந்து செருப்பை மாட்ட முடியாமல் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

பெக்கான் நானாஸ் வட்டாரத்து மக்களுக்கு முதுகு வலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. இங்குள்ள கரிமண் சதுப்பு நிலத்தில் கனமான இயந்திரங்கள் அமிழ்ந்துவிடும். ஆகவே கன்று நடுவதும், களை எடுப்பதும், பழம் பறித்துக் கூடையில் சுமந்து வருவதும் நெடுங்காலமாக மனிதர் முதுகின் மேல் ஏறிய வேலைகளாகவே இருந்து வந்தன. அன்று தோட்டத்தில் குனிந்து உழைத்தவர்களின் பிள்ளைகள், இன்று தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றும், கணினியின் முன் அமர்ந்தும், இரண்டாம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தும் அதே வலியைத் தேடிக் கொள்கிறார்கள். தைப்பூசத்தில் காவடி எடுத்த அன்பர்களும் மறுநாள் தோளையும் இடுப்பையும் பிடித்துக் கொண்டு உட்காருவது உண்டு.

வலி வந்தால் நம்மவர்கள் முதலில் தைலம் தடவுவார்கள். பிறகு சுளுக்கு எடுப்பவரைத் தேடுவார்கள். அதுவும் கேட்காவிட்டால் மலாய்க்காரர் ஊருட், சீனர் வைத்தியம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவார்கள். அண்மைக் காலமாக இந்த வரிசையில் ஆஸ்டியோபதி என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது. ஜொகூர் பாரு பக்கம் செல்வோர் அப்பெயர்ப் பலகையைக் கண்டிருக்கலாம். அங்கே என்ன செய்வார்கள்? நம்பிப் போகலாமா? போனால் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்? அன்பர்கள் பலர் கேட்கும் இக்கேள்விகளுக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆஸ்டியோபதி என்றால் என்ன?

கிரேக்க மொழியில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு. பாத்தோஸ் என்றால் துன்பம். இவ்விரண்டும் சேர்ந்து பிறந்த சொல் ஆஸ்டியோபதி. மருந்து கொடுக்காமல், ஊசி போடாமல், கைகளைக் கொண்டே எலும்பு, மூட்டு, தசை, தசைநார் ஆகியவற்றைச் சோதித்துச் சிகிச்சை செய்யும் முறை இது.

இதனைத் தோற்றுவித்தவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828-1917). 1864-ஆம் ஆண்டில் மூளைக்காய்ச்சல் கண்டு அவருடைய பிள்ளைகள் மூவர் இறந்தனர். அன்றைய மருந்துகளால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அத்துயரமே அவரை வேறு வழி தேட வைத்தது. 1874-இல் தமது முறையை அறிவித்தார். 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்னும் ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். பெரும்பாலான நோய்களுக்கு எலும்புகளின் நிலை பிசகுவதே காரணம் என்று அவர் நம்பினார். இந்தக் கருத்தை இன்றைய மருத்துவ அறிவு ஏற்பதில்லை. ஆனால் உடம்பைத் தொட்டுச் சோதிப்பதிலும், மூட்டுகளை அசைத்து இலகுவாக்குவதிலும் அவர் வளர்த்த கைத்திறன் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பட்டம் பெறுவோர் முழு மருத்துவர்கள். அவர்கள் மருந்து எழுதித் தரலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டன், மலேசியா முதலிய நாடுகளில் நிலைமை வேறு. இங்கே ஆஸ்டியோபதி வல்லுநர் என்பவர் கைமுறைச் சிகிச்சையாளர் மட்டுமே. ஆஸ்டியோபதிப் படிப்பைக் கொண்டு மட்டும் அவர் மருத்துவராகிவிட மாட்டார்.

தமிழர்களுக்குக் கைமுறைச் சிகிச்சை புதிதன்று. கன்னியாகுமரி வட்டாரத்தில் தழைத்த வர்மக் கலையில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 புள்ளிகளைக் கூறுவர். எந்த இடத்தைத் தொட்டால் வலி தீரும் என்பதை மட்டும் ஆசான்கள் சொல்லித் தரவில்லை. எந்த இடத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அத்துடன் சேர்த்தே கற்பித்தார்கள். தொடக்கூடாத இடமும் தொடக்கூடாத நேரமும் தெரிந்தவனே வைத்தியன் என்பது அதன் உட்பொருள். ஆஸ்டியோபதி வல்லுநரையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

நமது நாட்டுச் சட்டம்

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிரேக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை ஆகிய ஏழு துறைகள் அதன் கீழ் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் தொழில் புரிவோர் பாரம்பரிய, துணை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு.

ஆகவே சிகிச்சைக்குச் செல்லும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்கள் மன்றத்தில் பதிவு பெற்றவரா? சான்றிதழைப் பார்க்கலாமா?" என்பதே. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பதிவு பெற்றவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்பதையும் விசாரிக்கலாம். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டிலேயே ஆஸ்டியோபதியருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் ஆஸ்டியோபதிப் பயிற்சிக்கான அளவீடுகளை வெளியிட்டது. எனவே முறையான படிப்பு எது என்பதற்கு அளவுகோல் உண்டு. வார இறுதிப் பயிற்சிக்குப் போய் வந்து பலகை மாட்டியவரும், ஆண்டுக் கணக்கில் உடற்கூறு பயின்றவரும் ஒன்றாக மாட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் அன்பர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அங்கே ஆஸ்டியோபதிக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் இல்லை.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதில் பெரும்பகுதி பேச்சிலேயே போகும். வலி எப்போது தொடங்கியது? விழுந்தீர்களா, பாரம் தூக்கினீர்களா? கால் வரை இறங்குகிறதா? மரத்துப் போகிறதா? இரவில் படுத்தாலும் குறையவில்லையா? காய்ச்சல் உண்டா? உடல் எடை காரணமின்றிக் குறைந்ததா? முன்பு புற்றுநோய், காசநோய் வந்ததுண்டா? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி வரும்.

"முதுகு வலி என்று வந்தால் சிறுநீர் போவதைப் பற்றிக் கேட்கிறாரே" என்று சிலர் சலித்துக் கொள்வார்கள். சலிக்க வேண்டாம். அந்தக் கேள்விகளே சிகிச்சையின் மிக முக்கியமான பகுதி. எதையும் கேட்காமல், "படுங்கள், பார்த்துவிடலாம்" என்று நேரே கையை வைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

போகும்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் முன்பே எடுத்திருந்தால் அவற்றையும் கொண்டு செல்லுங்கள். இல்லையென்றால் இதற்காகவே புதிதாக எடுக்க வேண்டியதில்லை. சாதாரண இடுப்பு வலிக்கு எக்ஸ்ரேயால் பெரும்பாலும் புதிதாக எதுவும் தெரிய வராது.

அடுத்தது சோதனை. நிற்கச் சொல்வார், குனிந்து நிமிரச் சொல்வார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டி நரம்பின் வேகத்தை அறிவார். பிறகு முதுகையும் இடுப்பையும் விரல்களால் தொட்டு, எங்கே இறுக்கம், எங்கே வலி என்று பார்ப்பார். இதற்காகச் சட்டையைக் கழற்றச் சொல்லலாம். பெண்கள் தளர்வான உடையில் செல்வது நலம். கணவர், தாயார், சகோதரி என யாரேனும் ஒருவரை உள்ளே உடன் வைத்துக் கொள்ளலாம். பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். இது உங்கள் உரிமை. இதற்குத் தயங்கவோ கூசவோ வேண்டியதில்லை.

சோதனை முடிந்ததும், தாம் கண்டது என்ன, செய்யப்போவது என்ன, அதில் உள்ள சிறு ஆபத்துகள் யாவை என்று அவர் எடுத்துச் சொல்லி உங்கள் சம்மதம் பெற வேண்டும். அதன் பிறகே சிகிச்சை. தசைகளை அழுத்தி நீவுதல், மூட்டை மெல்ல மெல்ல அசைத்து இலகுவாக்குதல், நீங்கள் எதிர்த்துத் தள்ளும்போது அவர் பிடித்து நிறுத்தித் தசையைத் தளர்த்துதல், சிறு தூரம் வேகமாக மூட்டை உந்துதல் என முறைகள் பல. எந்த நிலையிலும், "போதும், நிறுத்துங்கள்" என்று சொன்னால் அவர் நிறுத்தியாக வேண்டும்.

"டக்" என்ற அந்தச் சத்தம்

வேகமாக உந்தும்போது மூட்டில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். "விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது" என்று நம்மில் பலர் நினைத்துக் கொள்கிறோம். சில சிகிச்சையாளர்களும் அப்படியே சொல்லி விடுகிறார்கள். உண்மை அதுவன்று. மூட்டுக்குள் எண்ணெய் போன்ற ஒரு நீர் உண்டு. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது அந்நீரில் வாயுக் குமிழி தோன்றுகிறது. 2015-இல் கனடா நாட்டின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டைச் சொடுக்கும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்து இதைக் காட்டினர். நாம் நெட்டி முறிக்கும்போது வரும் சத்தமும் இதுவே. ஆகவே சத்தம் வந்தால்தான் குணமாகும் என்பதும் இல்லை, வராவிட்டால் சிகிச்சை தோல்வி என்பதும் இல்லை. சத்தத்திற்காக மேலும் மேலும் முறுக்கச் சொல்லாதீர்கள்.

சிகிச்சை முடிந்த ஓரிரு நாள் உடம்பு அசதியாகவும் சற்று வலியாகவும் இருக்கலாம். அது தானே அடங்கும். வலி கூடிக்கொண்டே போனாலும், புதிதாக மரத்துப்போதலோ பலவீனமோ கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. என் பெரியப்பா அன்னாசித் தோட்டத்தில் பாரம் சுமந்து பழகியவர். ஒரு சமயம் இடுப்பு வலி கால் வரை இறங்கியது. தெரிந்த ஒருவரிடம் சுளுக்கு எடுத்துக் கொண்டார். அவர் எதையும் கேட்கவில்லை. பெரியப்பாவும் எதையும் சொல்லவில்லை. உட்காரும் இடம் மரத்துப் போயிருந்ததையும், சிறுநீர் சரியாகப் போகாததையும் வெட்கப்பட்டு வீட்டாரிடமும் மறைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் சேர்த்தபோது, முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கியிருப்பதாகச் சொல்லி உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்குக் குறைவில்லை. ஆனால் கடைசி வரை ஒரு காலை இழுத்தே நடந்தார். "அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்பது அவர் அடிக்கடி சொன்ன சொல். அந்த ஒரு வார்த்தையின் விலை ஒரு கால்.

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் ஆஸ்டியோபதிக்கும் போக வேண்டாம், சுளுக்கு எடுப்பவரிடமும் போக வேண்டாம். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலம் அல்லது சிறுநீர் அடக்க முடியாமை, சிறுநீர் கழிக்க முடியாமை.
தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போதல்.
கால் அல்லது கை வலுவிழந்து கொண்டே வருதல்.
முதுகு வலியுடன் காய்ச்சல், அல்லது காரணமின்றி எடை குறைதல்.
விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த கடும் வலி.
முன்பு புற்றுநோய் கண்டவர்க்குப் புதிதாக வந்த முதுகு வலி.
கழுத்து வலியுடன் தலைசுற்றல், பார்வை இரட்டையாதல், பேச்சு குழறுதல்.

மார்பு, இடது தோள், தாடை ஆகியவற்றில் திடீரென வலி கண்டு வியர்த்துக் கொட்டினால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம். அதை நீவிக் கொண்டிருக்கக் கூடாது.

எலும்பு தேய்ந்து மெலிந்த முதியோர், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்டவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோர்க்கு வேகமாக உந்தும் முறை ஆகாது. கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கீறல் உண்டாகிப் பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவை மிக அரிது. எனினும் கழுத்துக்கு மென்மையான முறையே போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நமது சமூகத்திற்கு இன்னொரு எச்சரிக்கை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31 ஆக இருந்தது. பாதம் எரிவதும் மரத்துப் போவதும் முதுகிலிருந்து வராமல் இனிப்பு நீரால் வந்ததாகவும் இருக்கலாம். தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவதும் நீரிழிவு உள்ளவர்க்கு அதிகம். எனவே இரத்தத்தில் சர்க்கரையின் அளவு தெரியாமல் காலைப் பிடித்துவிடச் சொல்வதில் பயனில்லை. பெக்கான் நானாஸ் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். முதலில் அங்கே, பிறகு மற்றவை.

எந்த அளவு பலன் எதிர்பார்க்கலாம்?

2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதியுற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புதிதாக வரும் இடுப்பு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிந்துவிடும். நாள்பட்ட வலிக்கு உதவக்கூடியவை என்று அந்நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், மசாஜ் ஆகியவற்றுடன் முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. இடுப்புப் பட்டியை வழக்கமாக அணிவதை அது பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி, கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்தே செய்ய வேண்டும் என்கிறது.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆஸ்டியோபதியால் ஓரளவு பலன் உண்டு. அது மாயமும் அன்று, மோசடியும் அன்று. கை தரும் நிவாரணம் தற்காலிகம். அதை நிலைக்கச் செய்வது நாம் வீட்டில் செய்யும் பயிற்சியும் நடையும்தான். நல்ல சிகிச்சையாளர் உங்களுக்கு நாலைந்து பயிற்சிகளைக் கற்றுத் தந்து, சில தடவை வந்தும் குணம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார். "ஆயுள் முழுக்க வாராவாரம் வாருங்கள், இருபது தடவைக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஆஸ்துமா, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கையாலேயே குணப்படுத்துவதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. எவர் சொன்னாலும் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

செலவு, விடுப்பு, சொக்சோ

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். எனவே தொலைபேசியிலேயே முதல் சந்திப்புக்கு எவ்வளவு, அடுத்தடுத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொள்ளுங்கள். தொழிலாளர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்குப் பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழே செல்லும். வேலையிடத்தில் பாரம் தூக்கி முதுகு பிடித்துக் கொண்டால், முதலில் மேலதிகாரியிடம் தெரிவித்து, கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ காட்டிப் பதிவு செய்து கொள்ளுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பின்னர் சொக்சோவில் இழப்பீடு கோருவது கடினமாகிவிடும். தைலத்தோடும் சுளுக்கோடும் நாட்களைக் கடத்தி, உரிய உரிமையை இழந்தவர்கள் நம்மில் உண்டு.

செலவு தாங்க முடியாதவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. கிளினிக் மருத்துவர் கடிதம் கொடுத்தால் பொந்தியான் மருத்துவமனைக்கு அனுப்புவார். ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் 2008-ஆம் ஆண்டில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவும் தொடங்கப்பட்டது.

நிறைவாக

அன்பர்களே, வலியோடு செல்பவனுக்கு அவசரம் அதிகம். யாராவது உடனே கை வைத்து வலியை எடுத்துவிட மாட்டார்களா என்று மனம் ஏங்கும். அந்த நேரத்தில் நிதானமாக அமர்ந்து நம்மைக் கேள்வி கேட்பவர் மீது கோபம் கூட வரலாம். ஆனால் அவரே நம் உடம்பை மதிப்பவர். அவர் கேட்பதற்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்வது நம் கடமை. வீட்டில் பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், தைலக் குப்பியைத் தேடும் முன் அருகில் அமர்ந்து இக்கட்டுரையில் உள்ள கேள்விகளை நாமும் ஒருமுறை கேட்போம். பெரியப்பாவிடம் அன்று எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை.